கூடையை இறக்கி வைக்கத் தெரியாத பொம்மை

இலங்கையின் எல்ல நகரத்தில் ரயிலை விட்டு இறங்கிக் கடைத்தெருவுக்கு நடக்கும் வெளிநாட்டுப் பயணிக்கு நினைவுப்பொருள் கடைகளில் ஒரு பெண் காத்திருக்கிறாள். மரத்தில் ஒருத்தி, பிளாஸ்டரில் ஒருத்தி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் காந்தத்தில் இன்னொருத்தி. முதுகில் கூடை, நெற்றிக்கு மேலே கூடைக் கயிறு, விரல் நுனியில் ஒரு துளி பச்சை. கொழுந்து பறிக்கும் பெண். அவளைச் செய்தவர் முகத்துக்கும் சேலைக்கும் கவனமாகத்தான் வர்ணம் பூசியிருக்கிறார். ஆனால் உருவம் முழுவதும் ஒரே துண்டு. அவளால் கூடையை இறக்கி வைக்க முடியாது.

நிஜப் பெண் இறக்கி வைக்கிறாள். கொழுந்து மடுவத்தில் நிறுத்துப் பார்த்த பிறகு இறக்குகிறாள். பிள்ளைக் காம்பராவிலிருந்து குழந்தையை இடுப்பில் ஏற்றுகிறாள், அடுப்பை ஊதுகிறாள், கணக்கில் குறைந்துபோன கிலோவுக்காகக் கையை நீட்டிச் சண்டை பிடிக்கிறாள், திருவிழாவில் கும்மி கொட்டுகிறாள். இவ்வளவுக்கும் தோளிலும் முழங்கையிலும் மணிக்கட்டிலும் மூட்டு வேண்டும். கடைப் பொம்மைக்கு அது இல்லை. மலையக மக்களைப் பற்றி வெளியார் செய்த உருவங்கள் பலவற்றுக்கும் அது இல்லை என்பது வேறு கதை. இல்லை, அதே கதைதான்.

ஆகவே கை கால் கழற்றி மாட்டக்கூடிய, நூலில் ஆடும் பொம்மைகளை பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளில் பிள்ளைகளே செய்யப் பழக்க வேண்டும். அதையும் முகத்திலிருந்து தொடங்காமல் மூட்டிலிருந்து தொடங்க வேண்டும். கைவேலைப் பயிற்சி என்றாலே ஒரு முட்டை ஓட்டிலோ காகிதத் தட்டிலோ கண்ணும் மீசையும் வரைவதோடு முடித்துக்கொள்ளும் வழக்கம் நமக்கு உண்டு. கண்ணும் மீசையும் அழகுதான். ஆனால் முழங்கால் ஏன் முன்பக்கம் மடங்கக் கூடாது என்று ஒரு பிள்ளை கேட்கும் இடத்தில்தான் அந்த வேலை படிப்பாக மாறுகிறது.

தமிழருக்கு இது புதிய வித்தையல்ல. தஞ்சாவூர் நாட்டியப் பொம்மையைக் கொலுவில் பார்த்திருப்போம். பாவாடை ஒரு துண்டு, உடல் ஒரு துண்டு, தலை ஒரு துண்டு. ஒன்றின் மேல் ஒன்றாகக் கம்பியில் தொங்குகின்றன. லேசாகத் தட்டினால் இடுப்பு ஒரு பக்கமும் கழுத்து மறு பக்கமும் போகும். கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டம் இன்னும் பெரிய விவகாரம். அங்கே பொம்மை நாலரை அடி வரை உயரமும் பத்துக் கிலோ வரை எடையும் இருக்கும். ஆட்டுபவர் தலையில் ஓர் இரும்பு வளையத்தைச் சூடிக்கொண்டு, பொம்மையின் நூல்களை அதில் கட்டிவிடுவார். கைகளை மட்டும் கம்பிகளால் இயக்குவார். அவர் தலை திரும்பினால் பொம்மை திரும்பும். கதை தொடங்குமுன் விநாயகர் பூசை, கோமாளி, ஆமனாட்டம், பூசனிக்காய் ஆட்டம் என்று நான்கு முன்னோட்டங்கள் உண்டு. வள்ளுவருக்கும் இந்த ஆட்டம் தெரிந்திருக்கிறது. நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில், வெட்கம் கெட்டவனின் நடமாட்டத்தைக் கயிற்றால் உயிருள்ளதுபோல் மயக்கும் மரப்பாவைக்கு ஒப்பிடுகிறார். பாவைக்கு அது கொஞ்சம் அநியாயம்.

கும்பகோணத்துப் பொம்மைகளைச் செதுக்கும் மரம் கல்யாண முருங்கை. இலேசானது, உளிக்கு இணங்குவது. பதுளை அடங்கிய ஊவாவின் தேயிலை மலைகளில் நிழலுக்காக வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நட்டுவைத்த முருக்க மரமும் அதே இனத்து உறவுதான். அவ்வப்போது கிளைகளை வெட்டிச் சாய்த்து, இலையைத் தேயிலைக்கே உரமாகப் போடுகிறார்கள், கட்டை விறகாகிறது. பொம்மை செய்யும் மரம் பசறையிலும் நமுனுகுலையிலும் வேலி ஓரத்தில் கிடக்கிறது என்று சொன்னால் அது மிகையல்ல.

மரம் மட்டுமா? கையும் இருக்கிறது. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிறவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வளைந்த கத்தியை எந்தச் சாய்வில் இறக்கினால் கிளை பிளவுபடாமல் ஒரே வெட்டில் போகும் என்பது அவர்களுடைய மணிக்கட்டில் இருக்கும் அறிவு. பட்டை உரியக் கூடாது, வெட்டுவாயில் தண்ணீர் தங்கக் கூடாது. நாள் முழுக்கச் சரிவில் நின்றபடி ஒவ்வொரு செடிக்கும் இதே கணக்கு. இந்த மனிதர்களை ஒரு பாடசாலை தன் கைப்பணி வகுப்புக்கு விருந்தாளியாக அழைத்துக் கதிரை போட்டு உட்காரவைப்பது எப்போதாவது நடக்கிறதா? கவாத்துக் கத்திக்குப் பழகிய கைக்குச் சிற்றுளி பழக ஒரு வாரம் போதும்.

இலங்கையில் இந்தக் கலையின் தாய்வீடு தெற்குக் கரையில் இருக்கிறது. அம்பலாங்கொடை, பலப்பிட்டிய, மிரிஸ்ஸ பகுதிகளைச் சேர்ந்த கம்வாரி வழிவந்த குடும்பங்கள் தலைமுறைகளாக நூற்பொம்மை நாடகத்தை நடத்தி வருகின்றன. 'ரூகட நாட்ய' என்ற பெயரில் 2018இல் அதை யுனெஸ்கோ மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வெசாக் காலத்தில் ஊர்ப் பொது இடங்களில் ஆடுவார்கள். புத்தர் கதைகள், நாட்டார் கதைகள், சிரிப்புக் கதைகள், சரித்திரம் எல்லாம் வரும். அவற்றில் பேர்போனது எஹெலேபொல நாடகம். 1814இல் கண்டியில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தன் அதிகாரியான எஹெலேபொலயின் மனைவி மக்களைக் கொன்ற கதை. தமிழோடு இதற்கு உறவும் உண்டு: மன்னன் தமிழகத்து நாயக்கர் வழியினன். சிங்களத்தில் 'நாடகம' என்ற சொல்லும் அந்த மேடை மரபும் தமிழ்க் கூத்திலிருந்து போனவை. எஹெலேபொல கதையில் குழந்தைகளின் தலை வெட்டப்படுகிறது. கழலும் தலையின் தேவை மேடையில் எவ்வளவு என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

அம்பலாங்கொடைக்காரரும் பசறைக்காரரும் ஒரே பட்டறையில் உட்கார்ந்தால் மொழி பெரிய தடையாக இருக்காது. மூட்டுக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதை விரலால் காட்டிவிடலாம். மொழிப் பயிற்சி, நல்லிணக்கக் கருத்தரங்கு என்று மண்டபங்களில் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பங்கை இப்படிப்பட்ட பட்டறைக்குத் திருப்பினால், அங்கே தேத்தண்ணி இடைவேளைக்குப் பிறகும் ஆட்கள் இருப்பார்கள்.

கை கால் ஏன் கழல வேண்டும்? ஒட்டியே இருந்தால் என்ன?

ஜப்பானின் புன்ராக்குப் பொம்மலாட்டக் கலைஞர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே ஒரு பொம்மையை மூவர் ஆட்டுகிறார்கள்: தலைவர் தலையையும் வலக்கையையும், இரண்டாமவர் இடக்கையை, மூன்றாமவர் கால்களை. கால் ஆட்டப் பத்து வருடம், இடக்கைக்கு இன்னொரு பத்து வருடம் என்று அந்தக் காலத்துக் கணக்கு. பெண் பொம்மைகளுக்குப் பெரும்பாலும் கால்களே கிடையாது. உடையின் விளிம்பை அசைத்தே நடை காட்டுவார்கள். தலைகள் தனியாக, கைகள் தனியாக, உடைகள் தனியாக வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு நாடகத்துக்கும் முன்பு, ஆட்டப்போகிறவரே தன் பாத்திரத்தைப் பகுதி பகுதியாகப் பூட்டிக்கொள்கிறார். ஒரே தலை இந்த நாடகத்தில் ஒரு வீரன், அடுத்ததில் வேறொருவன். சில டசின் தலைகளை வைத்துக்கொண்டு ஒரு பெரிய இலக்கியத்தையே ஆட்டிவிடுகிறார்கள். ராஜஸ்தானத்துக் கட்புத்லியில் இன்னும் சிக்கனம்: தலையும் உடலும் ஒரே மரத்துண்டு, கை துணியால் அடைத்தது, கால் இல்லவே இல்லை, நீளப் பாவாடை எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

தோட்டப் பாடசாலைக்கு இந்தச் சிக்கனம் அவசியம். ஐந்து உடல், பன்னிரண்டு தலை, இருபது கை இருந்தால் போதும். ஒரு யூரியாச் சாக்கில் எல்லாம் அடங்கும். தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கிலிருந்து கீழ்ப் பிரிவான பணிய கணக்குக்கு, அங்கிருந்து அடுத்த தோட்டத்துக்கு, தோளில் போட்டுக்கொண்டு போகலாம். ஒரு கை உடைந்தால் அந்தக் கையை மட்டும் செய்தால் போதும். பொம்மை ஓய்வெடுக்க வேண்டியதில்லை. நன்கொடையாக வரும் விலையுயர்ந்த பொம்மை ஒன்று உடைந்தால் அலுமாரிக்குப் போகும், அலுமாரியிலிருந்து திரும்பாது. பழுதுபார்க்கத் தெரியாத கையில் கொடுத்த எந்தப் பொருளுக்கும் இதே கதிதான். எத்தனை கணினிகள் இப்படி மூலையில் கிடக்கின்றன என்று அதிபர்களைக் கேளுங்கள்.

ஊவாவின் வானிலையும் மூட்டைக் கவனிக்கச் சொல்கிறது. ஆடி, ஆவணியில் மலையைத் தாண்டி இறங்கும் வறண்ட காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணத்தை வாங்கிக் கொடுத்தது. கிழக்கே அதைக் கச்சான் என்பார்கள். அதே காற்று மரத்தைச் சுருக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடைமழை வந்தால் மரம் ஊதும். ஆடியில் பொருத்தமாகச் செய்த முழங்கால் மார்கழியில் இறுகி நிற்கும்; பொம்மை சிப்பாய் மாதிரி நடக்கும். ஆகவே மூட்டில் ஒரு துண்டின் நாக்குக்கும் அது நுழையும் பிளவுக்கும் இடையில் ஒரு காசு நுழையும் அளவுக்கு இடம் விட வேண்டும். இந்த ஒரே விஷயத்தில் ஒரு விஞ்ஞானப் பாடம் இருக்கிறது. அதைப் புத்தகத்தில் படிக்கும் பிள்ளை மறந்துவிடலாம்; இறுகிப்போன முழங்காலை அரத்தால் தேய்த்த பிள்ளை மறக்காது.

வேலை எப்படி நடக்கும்? தலையைக் காகிதக்கூழில் செய்யலாம். பழைய பத்திரிகையை ஊறவைத்து இடித்து, கஞ்சிப் பசையும் பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தமும் சேர்த்தால் போதும் (துத்தத்தைப் பெரியவர்தான் கையாள வேண்டும், அது நஞ்சு). கை கால் முருக்கங்கட்டையில். தோளுக்குக் கொக்கியும் வளையமும். அங்கேதான் கை கழல வேண்டும். முழங்கைக்கு ஒரு தோல்வார், பழைய செருப்பிலிருந்து வெட்டலாம். முழங்காலுக்கு நாக்கும் பிளவும், நடுவே ஆணி, முன்பக்கம் மடங்காதிருக்க ஒரு தடை. பாதத்தில் சிறிது ஈயமோ நட்டோ வைத்துக் கனம் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் பொம்மை நடக்காது, மிதக்கும். இடுப்புக்கும் கனம் வேண்டும், அங்கிருந்துதான் நடை பிறக்கிறது. நூல் ஒன்பது: தலைக்கு இரண்டு, தோளுக்கு இரண்டு, கைக்கு இரண்டு, முழங்காலுக்கு இரண்டு, முதுகுக்கு ஒன்று. முதுகு நூல் இல்லாத பொம்மைக்குக் கும்பிடத் தெரியாது.

இதை எந்தப் பாடத்தில் வைப்பது என்று கேட்பவர்களுக்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. கீழ் இடைநிலை வகுப்புகளில் செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் ஒரு பாடம். சாதாரண தரத்தில் நாடகமும் அரங்கியலும், சித்திரமும் அழகியல் பாடங்கள். மூன்று ஆசிரியர்களும் ஒரு மாதத்துக்கு ஒரே மேசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' நடப்பது எத்தனை கடினம் என்பது பாடசாலையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

கதைக்குப் பஞ்சமில்லை. மலையகத்தில் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும் இன்றும் ஆடப்படுகின்றன. மாசியில் காமன் நட்டு, மதனும் ரதியும் லயம் லயமாக ஆடி, எரிந்த காமனுக்காக ஊரே அழும் கூத்து முதலாவது. அதைப் பொம்மையாக்க அவசரப்பட வேண்டாம். மனித உடலில் அது நன்றாகவே இருக்கிறது. பொம்மைக்கென்றே பிறந்த கதைகள் வேறு உண்டு. பிறக்கும்போதே இரண்டு பாதியாகப் பிறந்து, ஜரை என்ற அரக்கியால் ஒட்டப்பட்டு, கடைசியில் பீமன் கையில் மறுபடியும் இரண்டாகப் பிளந்த ஜராசந்தன் ஒருவன். வெட்ட வெட்ட முளைக்கும் தலைகளை உடைய இராவணன் இன்னொருவன். அவன் பெயரிலேயே எல்லவில் ஒரு நீர்வீழ்ச்சி விழுந்துகொண்டிருக்கிறது. பத்துத் தலையும் இருபது கையும் கழற்றி மாட்டும் இராவணனை அந்த நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்துப் பிள்ளைகள் செய்யாமல் வேறு யார் செய்வது? பயணிகளும் அதைக் காசு கொடுத்துப் பார்ப்பார்கள். காந்தத்தில் ஒட்டிய பெண்ணைவிட அது நல்ல வியாபாரம்.

எல்லாவற்றுக்கும் மேலே மாரியம்மன் இருக்கிறாள். தோட்டத்துக்குத் தோட்டம் கோயில் கொண்டவள். மக்கள் சொல்லும் ஒரு வழக்கில், தாய் ரேணுகையின் தலையைப் பரசுராமன் வெட்டும்போது அவளைக் காக்க வந்த, தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண் ஒருத்தியின் தலையும் விழுகிறது. வரம் பெற்று உயிர்ப்பிக்கும் அவசரத்தில் தலைகள் இடம் மாறிவிடுகின்றன. அப்படி எழுந்தவள்தான் மாரி. வேதாளக் கதையிலும் தலை மாறிய கணவன் யார் என்ற கேள்வி வருகிறது. அங்கே விக்கிரமாதித்தன் ஒரு பதிலைச் சொல்லித் தப்பித்துவிடுகிறான். மாரியம்மன் கதைக்கு அத்தனை எளிய பதில் கிடையாது. இரண்டு கழலும் தலைகளை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்து இந்தக் கதையை ஆடச் சொன்னால், தலை பெரிதா உடல் பெரிதா, குலம் எந்தப் பகுதியில் ஒட்டியிருக்கிறது என்ற விவாதத்தை எந்த வளவாளரும் தொடக்கிவைக்க வேண்டியிருக்காது.

தோட்ட மக்களுக்குக் காணி இல்லை, வீடு இல்லை, சம்பளம் போதவில்லை, இந்த நேரத்தில் பொம்மையா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. பத்துக்குப் பத்துக் காம்பராவில் குடும்பம் நடத்துகிறவரிடம் கலையைப் பற்றிப் பேசுவது நாகரிகமில்லாத செயலாகிவிடக்கூடும். ஆனால் கொழும்பில் வசதியான வீட்டுப் பிள்ளை பியானோ படிக்கும்போது இந்தக் கேள்வியை யாரும் எழுப்புவதில்லை. காணி கிடைக்கும்வரை தோட்டத்துப் பிள்ளையின் விரல்கள் காத்திருக்க வேண்டும் என்பது ஒரு வகைத் தண்டனை. வீடும் கேட்போம், உளியும் கேட்போம்.

இன்னொரு பயம் நியாயமானது. பொம்மலாட்டம் தோட்டத்துக்கு வந்தபோதெல்லாம் பெரும்பாலும் ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறது: குடிக்காதே, கை கழுவு, சேமி. பொம்மை வாயைத் திறந்ததும் அறிவுரை. பிள்ளைகள் மரியாதைக்குச் சிரிப்பார்கள். யாரும் இரண்டாம் தடவை பார்க்கக் கேட்க மாட்டார்கள். சொல்ல வேண்டிய விஷயம் இல்லை என்பதல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. நிலத்தில் புதுப் பிளவு, சாயும் மரம், திடீரென்று கலங்கும் ஊற்று ஆகிய மூன்றையும் ஒவ்வொரு தோட்டத்துப் பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும். அதைச் சுவரொட்டியாகச் சொல்லலாம். ஊற்றுத் தண்ணீர் கலங்கியிருப்பதை முதலில் கண்டது ஒரு குறும்புக்காரப் பையன், அவனை ஒருவரும் நம்பவில்லை என்று கதையாகவும் ஆடலாம். இரண்டாவதைத் தான் செய்த பொம்மையைக் கொண்டு ஆடிய பிள்ளை, மழை இரவில் ஊற்றைப் போய்ப் பார்க்கும்.

பொம்மை பெரிய காரியங்களையும் சுமக்கும் என்பதை 2021இல் உலகம் பார்த்தது. சிரிய அகதிச் சிறுமி அமல். மூன்றரை மீற்றர் உயரம், தென்னாபிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் குழு செய்தது. துருக்கியின் காசியான்தெப்பிலிருந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் வரை ஊர் ஊராக நடந்தாள். உள்ளே ஒருவர் பொய்க்காலில் நின்று நடத்த, கைகளை வேறு இருவர் ஆட்டினார்கள். அகதிகளைப் பற்றிய அறிக்கைகளைப் படிக்காதவர்கள்கூட அவளுடைய கையைப் பிடிக்கத் தெருவுக்கு வந்தார்கள்.

அடுத்த இரண்டு வருடத்தில் நமக்கும் ஒரு நடை இருந்தது. இந்தியாவிலிருந்து முன்னோர் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை ஒட்டி, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்த முன்னோர் நடந்த வழியே மலையக மக்களும் அவர்களோடு நின்றவர்களும் நடந்தார்கள். பதாகைகள் இருந்தன, பாட்டு இருந்தது. அந்த ஊர்வலத்தின் முன்னே இரண்டு ஆள் உயரத்தில் ஒரு பெண் பொம்மை நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. மூங்கிலும் உரச்சாக்கும் கொண்டு செய்தவள். வழியில் ஒவ்வோர் ஊரிலும் கூடையைக் கழற்றிக் கீழே வைத்து, மக்களைப் பார்த்துக் கையை உயர்த்துபவள்.

இனியும் செய்யலாம். பதுளைக்கு ரயில் வந்து 2024இல் நூறு வருடம் நிறைந்துவிட்டது. அந்தப் பாதைக்காக மலையைக் குடைந்தவர்களின் கதையையும் பொம்மையாக ஆடலாம். தெமோதரையில் பாதை தன்னையே சுற்றிக்கொண்டு தனக்குக் கீழேயே நுழையும் இடம் மேடைக்கென்றே கட்டினதுபோல் இருக்கிறது. மாகாணக் கல்வித் திணைக்களம் பசறை, ஹாலி-எல, ஹப்புத்தளைப் பக்கம் மூன்று பாடசாலைகளைத் தெரிவுசெய்து, ஓர் அம்பலாங்கொடைக் கலைஞரையும் இரண்டு கவாத்துக்காரரையும் ஒரு தவணைக்கு அழைத்தால் தொடங்கிவிடலாம். பாடசாலைக்கு நான்கு உளி, இரண்டு அரம், ஒரு துளைப்பான், ஒரு பந்து கறுப்பு நூல். மரம் கேட்டால் தோட்டம் கொடுக்கும், கேட்கிற விதத்தில் கேட்டால்.

சாக்கைக் கட்டுமுன் உதிரிக் கைகள் இரண்டு கூடுதலாகப் போட்டுக்கொள்வது நல்லது. லுணுகலை பஸ்ஸில் காலையில் கூட்டம் அதிகம்.